சூழல் ஆவணப்படத்தில் சிரிப்பு: எதைப் பார்த்து, எந்த ஷாட் வரை

கேள்வி இது: "ஒரு குப்பைக் கிடங்கைப் பற்றி 20 நிமிட ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். இந்த மாதிரிப் படங்களைப் பார்த்து மக்களுக்குச் சலித்துவிட்டது. அதனால் கொஞ்சம் நகைச்சுவை சேர்க்கலாம் என்று நினைக்கிறோம். ஸ்டாண்ட்-அப் காமெடி செய்யும் நண்பரைத் தொகுப்பாளராகப் போடலாமா? சிரிக்க வைத்தால் விஷயத்தின் கனம் குறைந்துவிடாதா? பார்த்தவர்கள் அதற்கப்புறம் ஏதாவது செய்வார்களா?"

தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் படத்தை எடுத்து முடித்துவிட்டு, தொய்வு தெரிகிற இடத்திலெல்லாம் ஆளுக்கொரு ஜோக்கைத் தூவலாம் என்பது உங்கள் திட்டமாக இருந்தால், வேண்டாம். அப்படித் தூவிய படங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானே எடிட் செய்து கொடுத்ததும் உண்டு. பல வருடமாக எடிட்டிங் மேசையில் உட்கார்ந்து எனக்குப் பிடிபட்டது இதுதான்: பார்ப்பவர் எதைப் பார்த்துச் சிரிக்கிறார், அந்தச் சிரிப்பு எந்த ஷாட்டில் நிற்கிறது என்ற இரண்டையும் நீங்கள் முடிவு செய்திருக்க வேண்டும். முடிவு செய்திருந்தால் கனம் கூடும். இல்லையென்றால் நீங்கள் பயப்படுகிறபடியே நடக்கும்.

முதலில், சிரிப்பு எதற்கு? சூழல் படங்களுக்கென்று ஒரு வாய்ப்பாடு வந்துவிட்டது. மேலிருந்து ஒரு ட்ரோன் ஷாட், சோகமான ஒற்றை வயலின், வெடித்த நிலம், செத்து ஒதுங்கிய மீன், கனத்த குரலில் ஒரு எச்சரிக்கை. இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் தொடர்ந்து அதையே பார்க்கிறவர் பத்தாவது நிமிடத்தில் மனதுக்குள் கதவைச் சாத்திக்கொள்கிறார். இதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனில் சாஃப்ரன் ஓ'நீல், சோஃபி நிக்கல்சன்-கோல் என்ற இருவர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, பயமுறுத்தும் படங்கள் கவனத்தைப் பிடித்து இழுக்கின்றன, ஆனால் 'இதில் நான் செய்வதற்கு ஒன்று இருக்கிறது' என்ற எண்ணத்தைத் தருவதில்லை என்று சொன்னது. பிரச்சினை மிகப் பெரியது, நான் மிகச் சின்னவன் என்ற உணர்வோடு மனிதர் எழுந்து போய்விடுகிறார்.

சிரிப்பு அந்தக் கதவைத் திறக்கிறது. நம்மைப் பயமுறுத்திய ஒன்றைப் பார்த்துச் சிரிக்க முடிந்த கணத்தில் அது கொஞ்சம் நம் கைக்கு எட்டுகிற அளவுக்கு வந்துவிடுகிறது. இன்னொன்று, தனியாக உட்கார்ந்து அழலாம், ஆனால் சிரிப்புக்குப் பெரும்பாலும் கூட்டம் வேண்டும். ஒரு அரங்கில் இருநூறு பேர் ஒரே விஷயத்துக்குச் சிரித்தால், 'இது அபத்தம் என்று எனக்கு மட்டும் தோன்றவில்லை, இத்தனை பேருக்கும் தோன்றுகிறது' என்று ஒவ்வொருவருக்கும் தெரிகிறது. போராட்டம் என்பது அங்கிருந்துதான் முளைக்கிறது என்று நான் நம்புகிறேன்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர் செகண்ட் சிட்டி என்ற காமெடிக் குழுவோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். 2018இல் அது வெளிவந்தது. வானிலை அறிக்கை வாசிப்பவர் ஒருவர் பருவநிலை மாற்றம் பற்றிப் பேசுகிற வீடியோவை மூன்று விதமாக எடுத்தார்கள்: ஒன்று பயமுறுத்துவது, ஒன்று சிரிக்க வைப்பது, ஒன்று தகவலை மட்டும் சொல்வது. சிரிப்பு வீடியோ, 18 முதல் 24 வயதுக்காரர்களிடம் 'நானும் ஏதாவது செய்யவேண்டும்' என்ற எண்ணத்தைக் கூட்டியது. ஆனால் ஆபத்து எவ்வளவு பெரியது என்ற உணர்வைக் கூட்டியது பயமுறுத்திய வீடியோதான். இந்த இரண்டாவது முடிவை மறந்துவிடாதீர்கள். சிரிப்பு ஆளை எழுப்பி நிறுத்தும், ஆனால் எதிரே இருப்பது எவ்வளவு பெரியது என்று காட்டுவதற்கு வேறொன்று வேண்டும். உங்கள் படத்துக்கு இரண்டும் தேவை.

கனம் குறையுமா என்று கேட்டீர்கள். அதற்கும் ஆய்வு உண்டு. ராபின் நாபி என்பவரும் அவருடன் பணியாற்றிய இருவரும் 2007இல் எழுதிய கட்டுரை. நகைச்சுவையாகச் சொன்ன செய்தியை மக்கள் கூர்ந்து கவனிக்கிறார்கள். அதே சமயம் 'சும்மா தமாஷுக்குச் சொன்னது' என்று அதன் எடையைக் குறைத்தும் விடுகிறார்கள். சில நாள் கழித்து, சிரிப்பு மறந்து செய்தி மட்டும் மனதில் தங்கும்போது அதன் பலன் மெல்ல மேலே வரலாம் என்பதும் அவர்கள் கண்டது. ஆகவே 'தமாஷ்' என்று ஒதுக்க முடியாதபடி, படத்துக்குள்ளேயே ஒரு இடத்தில் 'இது தமாஷ் இல்லை' என்று காட்டியாக வேண்டும். அந்த இடத்தைத்தான் சிரிப்பு நிற்கும் ஷாட் என்கிறேன்.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். ஒரு ஆற்று மாசு பற்றிய குறும்படம். தொழிற்சாலை ஒன்றின் மேலாளர் பேட்டி கொடுத்திருந்தார். நாங்கள் வெளியேற்றும் தண்ணீர் எல்லா விதிமுறைக்கும் உட்பட்டது, குடிக்கக்கூட செய்யலாம் என்று பேசிக்கொண்டே, மேசையில் இருந்த சீல் வைத்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, இரண்டு மடக்கு குடித்துவிட்டு, பாட்டிலைத் திரும்ப வைத்தார். அவருக்கு அது தெரியவே இல்லை. எங்களுக்கும் படப்பிடிப்பின்போது தெரியவில்லை. எடிட்டிங்கில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் கவனித்தோம், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

முதல் முறை எடிட் செய்தபோது அந்த பாட்டில் மீது ஒரு ஜூம் போட்டேன். மூடி திறக்கும் சத்தத்தைக் கூட்டினேன். பின்னால் ஒரு வேடிக்கையான இசை. திரையிட்டுப் பார்த்தோம். நன்றாகச் சிரித்தார்கள். முடிந்ததும், அந்த ஆற்றங்கரையில் குடியிருக்கும் ஒரு அம்மா சொன்னார்: "அந்த ஆளைப் பாத்து நல்லா சிரிச்சோம்ப்பா. சிரிச்சதுல தண்ணிய மறந்துட்டோம்."

அன்று ராத்திரி திரும்பப் போய் எல்லாவற்றையும் எடுத்தேன். ஜூம் இல்லை, இசை இல்லை. மேலாளரும் மேசையும் பாட்டிலும் ஒரே பிரேமில் இருக்கிற வைடு ஷாட், அப்படியே விட்டேன். அவர் பேசுகிறார், குடிக்கிறார், பாட்டிலை வைக்கிறார். பேச்சு முடிந்த பிறகும் நான்கு வினாடி கட் செய்யவில்லை. சிரிப்பு வரத் தொடங்குவது அந்த நான்கு வினாடிக்குள்தான், ஏனென்றால் பார்ப்பவர் தானே கண்டுபிடிக்கிறார். அடுத்து நேராக ஒரு கட்: அதே உயரத்தில் கேமரா, அதே அளவு மேசை, ஒரு வீட்டில் ஒரு பெண் குடத்திலிருந்து டம்ளரில் ஊற்றுகிறார், தண்ணீர் மஞ்சளாக இருக்கிறது. சத்தம் தண்ணீர் விழுவது மட்டும்.

இரண்டாவது திரையிடலில் அந்தக் கட் வந்தபோது, சிரித்துக்கொண்டிருந்த அரங்கு ஒரே நொடியில் அடங்கிப்போனதைக் கேட்டேன். படம் முடிந்ததும் முதலில் வந்த கேள்வி, "அந்தத் தண்ணீரை யார் டெஸ்ட் பண்ணணும், அதுக்கு யார்கிட்ட மனு கொடுக்கணும்?" என்பது. முதல் திரையிடலில் இப்படி ஒரு கேள்வி வரவே இல்லை. ஃபுட்டேஜில் எந்த மாற்றமும் இல்லை. சிரிப்பை நான் திணிக்காமல் விட்டதும், அதை அந்தக் குடத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியதும்தான் வித்தியாசம்.

அடுத்து, எதைப் பார்த்துச் சிரிப்பது. இதில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. பாதிக்கப்பட்டவரைப் பார்த்து ஒருபோதும் சிரிக்கக்கூடாது. அவருடைய பேச்சு வழக்கு, உடை, வீடு, தொழில்நுட்பம் தெரியாமை எதுவும் உங்கள் ஜோக்குக்கு உணவல்ல. குப்பைக் கிடங்கில் இது சுலபமாக நடந்துவிடும், மூக்கைப் பொத்துகிற ஒரு ஷாட் போதும். தொகுப்பாளர் அங்கே போய் இறங்கி முகத்தைச் சுளித்து மூக்கைப் பிடித்தால் அரங்கு சிரிக்கும். ஆனால் அந்த நாற்றத்தில் இருபது வருடமாகச் சோறு உண்கிறவர் அதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? சிரிப்பு தவறான ஆள் மேல் விழுந்துவிட்டது. ஆனால் பாதிக்கப்பட்டவர் தானே அடிக்கிற ஜோக் வேறு. கஷ்டத்தின் நடுவில் வாழ்கிறவர்களிடம் இருக்கிற நகைச்சுவை, நாம் உட்கார்ந்து எழுதுகிற எதையும்விடக் கூர்மையானது. அதற்குக் காதைத் திறந்து வையுங்கள், அதை வெட்டாதீர்கள்.

சிரிப்பு விழவேண்டிய இடங்கள் வேறு. அதிகாரத்தின் மொழி ஒன்று. கசிவை 'நிகழ்வு' என்பார்கள், விஷத்தை 'நுண்ணளவு' என்பார்கள், ஆயிரம் லாரிக் குப்பையை 'மேலாண்மை' என்பார்கள். அந்தச் சொல்லை அவர்கள் வாயாலேயே சொல்லவிட்டு, அது எதைக் குறிக்கிறதோ அந்தப் படத்தைப் பக்கத்தில் வைத்தால் போதும். இன்னொரு இடம், நாம் எல்லோரும் சேர்ந்து செய்கிற அபத்தம். படம் எடுப்பவரும் அதில் சேர்ந்தவராக இருந்தால் பார்ப்பவர் தன் குற்ற உணர்ச்சியை ஒளித்துவைக்க வேண்டியதில்லை.

இந்த இரண்டையும் ஒரே படத்தில் சேர்த்துக் காட்டியது, 2002இல் ஜூடித் ஹெல்ஃபண்ட், டேனியல் கோல்ட் எடுத்த 'ப்ளூ வைனில்'. ஜூடித்தின் பெற்றோர் தங்கள் வீட்டின் வெளிச்சுவரில் இருந்த உளுத்துப்போன மரப்பலகைகளை எடுத்துவிட்டு நீல நிற பிவிசி பலகை போடுகிறார்கள். மலிவு, பராமரிப்பு இல்லை, அவர்களுக்கு ரொம்பத் திருப்தி. மகளுக்கு மட்டும் உறுத்தல். அவர் அந்த நீலப் பலகையில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். பிவிசி தயாராகும் லூசியானா மாநிலத்தின் லேக் சார்லஸுக்குப் போகிறார், தொழிலாளர்கள் இறந்ததற்காக நிறுவன அதிகாரிகள் மீது வழக்கு நடந்த இத்தாலியின் வெனிஸுக்குப் போகிறார். போகிற இடமெல்லாம் கையில் அந்தத் துண்டு. யாரிடம் பேசினாலும் அதை முன்னால் நீட்டுகிறார்.

அந்தத் துண்டைப் பார்த்தாலே சிரிப்பு வரும். ஆனால் அது செய்கிற வேலையைக் கவனியுங்கள். பிவிசி தயாரிக்கப் பயன்படும் வைனில் குளோரைடு என்ற வாயு, அது கல்லீரலில் உண்டாக்கும் ஒரு அரிய புற்றுநோய், நிறுவனங்கள் அதைத் தெரிந்தும் மறைத்த ஆவணங்கள் என்று விஷயம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாதது. அந்த ஒரு துண்டு அத்தனையையும் கையில் பிடிக்கக்கூடிய ஒன்றாக்கிவிடுகிறது. ஜூடித்தே, தான் பிறப்பதற்கு முன் தாய்க்குக் கொடுக்கப்பட்ட ஒரு மருந்தால் இளம் வயதில் புற்றுநோய் வந்து கர்ப்பப்பையை எடுத்தவர். அது தெரிந்ததும் அவருடைய பிடிவாதத்துக்கு வேறொரு அர்த்தம் வருகிறது. பெற்றோர்தான் படத்தின் பார்வையாளர் மாதிரி: "எல்லாம் சரிம்மா, ஆனா இதுக்குப் பதிலா என்ன போடறது?" என்ற ரீதியில் அவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. வில்லன்களை மட்டும் காட்டிவிட்டுப் போகிற படங்கள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. இந்தப் படம் பதில் தேடி அலைந்து, கடைசியில் அந்த வீட்டுக்கு வேறு சுவரே போடுகிறது.

உங்கள் குப்பைக் கிடங்கில் அந்த நீலத் துண்டு எது என்று யோசியுங்கள். தேடினால் கிடைக்கும்.

நகைச்சுவையை வெளியிலிருந்து எழுதிக்கொண்டு வரவேண்டும் என்ற எண்ணத்தையும் விடுங்கள். சூழல் விஷயங்களில் நிஜமே போதுமான அபத்தத்தோடு இருக்கிறது. கரும்பைத் தின்னும் வண்டுகளை ஒழிக்க 1935இல் ஹவாயிலிருந்து ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்கு நூறு சொச்சம் தேரைகளைக் கொண்டுவந்தார்கள். வண்டு கரும்பின் உச்சியில், தேரை தரையில். வண்டு ஒழியவில்லை, தேரை கோடிக்கணக்கில் பெருகியது. அதன் தோலில் இருக்கும் விஷம், அதைத் தின்ன வந்த உள்நாட்டு விலங்குகளைக் கொன்றது. மார்க் லூயிஸ் 1988இல் இதை 'கேன் டோட்ஸ்' என்று ஒரு படமாக எடுத்தார். கேமராவைத் தரையோடு தரையாக வைத்து தேரையின் கண்ணால் உலகத்தைக் காட்டினார். அதை வெறுப்பவர்களையும் செல்லமாக வளர்க்கும் சிறுமியையும் ஒரே மரியாதையோடு பேசவிட்டார். யாரையும் இழிவுபடுத்தவில்லை. சிரித்து முடிக்கும்போது, ஒரு உயிரினத்தை இடம் மாற்றினால் என்ன ஆகும் என்பது எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாத அளவுக்கு மனதில் பதிந்துவிடுகிறது.

எண்களை என்ன செய்வது என்பதற்கும் சிரிப்பு ஒரு வழி. 'இத்தனை கோடி காபிக் கோப்பைகள்' என்று திரையில் எழுதினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் 2017இல் வந்த 'வார் ஆன் வேஸ்ட்' தொடரில் கிரெய்க் ரியூகாசல் என்ற நகைச்சுவையாளர், மெல்போர்ன் நகரத்து டிராம் வண்டி ஒன்றுக்குள் 50,000 காபிக் கோப்பைகளை நிரப்பி ஓடவிட்டார். அந்த நாட்டில் அரை மணி நேரத்தில் குப்பைக்குப் போகிற எண்ணிக்கை அது. தெருவில் நின்றவர்கள் கோப்பையும் கையுமாக அதைப் பார்த்தார்கள், முதலில் சிரித்தார்கள், அப்புறம் தங்கள் கையைப் பார்த்தார்கள். அதே ஆண்டு அங்கே இரண்டு பெரிய சூப்பர்மார்க்கெட் நிறுவனங்கள் மெல்லிய பிளாஸ்டிக் பைகளைக் கைவிடுவதாக அறிவித்தன. அது அந்தத் தொடரால் மட்டும் நடந்தது என்று சொல்லமாட்டேன், பல வருடம் உழைத்த இயக்கங்கள் பின்னால் இருந்தன. ஆனால் அறிவிக்க வேண்டிய நெருக்கடி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், சிரித்துவிட்டு வெட்கப்பட்ட அந்த முகங்களுக்கும் பங்கு உண்டு.

இனி ஒரு சிக்கலான உதாரணம். 2004 டிசம்பர் 3, போபால் விஷவாயுக் கசிவின் 20ஆம் ஆண்டு நினைவு நாள். பிபிசி வேர்ல்டில் டௌ கெமிக்கல் நிறுவனத்தின் பேச்சாளர் என்று ஒருவர் தோன்றி, யூனியன் கார்பைடை வாங்கிய நிறுவனம் என்ற முறையில் முழுப் பொறுப்பையும் ஏற்கிறோம், பாதிக்கப்பட்டவர்களுக்கு 1,200 கோடி டாலர் கொடுக்கிறோம் என்று அறிவித்தார். அவர் நிறுவனத்து ஆளே இல்லை. இப்படிப் போலி வேடத்தில் நிறுவனங்களைக் கிண்டல் செய்யும் 'யெஸ் மென்' என்ற இரட்டையரில் ஒருவர். செய்தி உலகம் முழுக்கப் பரவி, மறுப்பு வருவதற்குள் நிறுவனத்தின் பங்கு விலை இறங்கியது. நியாயமாக நடந்துகொள்ளப்போகிறோம் என்று ஒரு நிறுவனம் சொன்னால் சந்தை அதைத் தண்டிக்கிறது. எத்தனை கட்டுரை எழுதினாலும் இதை இவ்வளவு தெளிவாகக் காட்டியிருக்க முடியாது. அவர்கள் 2009இல் எடுத்த படத்தில் இது முக்கியமான பகுதி.

ஆனால் போபாலில் அந்தச் செய்தியைக் கேட்டவர்கள்? இருபது வருடம் காத்திருந்தவர்களுக்குக் கொஞ்ச நேரம் நம்பிக்கை கொடுத்துவிட்டுப் பிடுங்கியது நியாயமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. படமெடுத்தவர்கள் அதை மறைக்கவில்லை, போபாலுக்கே போய் அங்கே இருப்பவர்களிடம் கேட்டார்கள். அங்கே அவர்களுக்கு ஆதரவு கிடைத்தது, உண்மைதான். என்றாலும் என் தனிப்பட்ட தீர்ப்பு: கேட்பது முன்னாலேயே நடந்திருக்க வேண்டும். உங்கள் கிண்டலின் விலையை வேறொருவர் கொடுக்கப்போகிறார் என்றால் அவருடைய சம்மதம் இல்லாமல் செய்யாதீர்கள். வேறொருவர் பெயரில் தோன்றுவது, போலி அறிவிப்பு வெளியிடுவது போன்றவற்றில் சட்டச் சிக்கலும் உண்டு. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும், வழக்கறிஞரைப் பார்க்காமல் இறங்கவேண்டாம்.

எல்லோரையும் கிண்டல் செய்வதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. அதிகாரியும் திருடன், நிறுவனமும் திருடன், இயக்கக்காரரும் வேஷம் என்று போனால் அரங்கு கைதட்டும். 'எல்லாரும் இப்படித்தான்' என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடும். சிரித்ததே ஒரு கடமையை முடித்த மாதிரி ஆகிவிடுகிறது, கோபம் அங்கேயே ஆவியாகிவிடுகிறது. செயலில் இறக்க வேண்டுமானால், படத்தில் ஒருவராவது கிண்டலுக்கு வெளியே நிற்கவேண்டும். மனு எழுதுகிறவர், மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறவர், கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்கிறவர். அவர் சிரிக்கலாம், சிரிக்க வைக்கலாம், ஆனால் அவர் செய்கிற வேலையைப் படம் முழு மரியாதையோடு, பொறுமையாக, எப்படிச் செய்கிறார் என்பது புரிகிற அளவுக்குக் காட்டவேண்டும். பார்ப்பவர் தன்னை வைத்துப் பார்க்க அந்த இடம்தான் இருக்கிறது.

உங்கள் நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டாண்ட்-அப் செய்பவரைப் போடுவது நல்ல யோசனை, அவர் எப்போது உள்ளே வருகிறார் என்பதைப் பொறுத்து. எழுதி முடித்த ஸ்கிரிப்ட்டை அவர் கையில் கொடுத்து வேடிக்கையாகப் பேசச் சொன்னால் படத்தில் ஒட்டாது. அமெரிக்காவில் கடல்மட்டம் உயர்ந்து அடிக்கடி வெள்ளம் வருகிற நார்ஃபோக் என்ற நகரத்தில் இதைச் சரியாகச் செய்தார்கள். நான்கு கறுப்பின காமெடியன்கள் முதலில் அந்த ஊர் மக்களோடும் விஷயம் தெரிந்தவர்களோடும் உட்கார்ந்து கேட்டார்கள். அப்புறம்தான் எழுதினார்கள், அதே ஊரில் அதே மக்கள் முன்னால் மேடையேறினார்கள். அந்தப் பயணமே ஆவணப்படமானது. யார் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததோ அவர்களே எதிரே உட்கார்ந்திருக்கும்போது மலிவான ஜோக் தானாகவே உதிர்ந்துவிடும்.

உங்கள் நண்பரும் ஒரு வாரமாவது கேமரா இல்லாமல் அந்தக் கிடங்கு ஓரத்தில் இருக்கட்டும். லாரி எத்தனை மணிக்கு வருகிறது, தீ எப்போது பிடிக்கிறது, குப்பை பொறுக்கிப் பிழைக்கிறவர்கள் எந்தப் பொருளுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். தெருக்கூத்தில் கட்டியங்காரன் என்ன செய்கிறான்? ராஜாவுக்குப் பக்கத்தில் நின்று ராஜாவையே நக்கல் செய்வான், உடனே நம் பக்கம் திரும்பி நாம் கேட்க நினைத்ததைக் கேட்பான். அவனுக்கு அந்த உரிமை எப்படி வந்தது என்றால் கதை முழுக்க அவனுக்குத் தெரியும், அவன் நம்மில் ஒருவன். உங்கள் தொகுப்பாளர் அப்படி நின்றால் போதும். அவருடைய முகமே படம் முழுக்க வரவேண்டியதில்லை. ஒரு தாய் தன் குழந்தையின் இருமலைப் பற்றிப் பேசும்போது அவர் பிரேமிலேயே இருக்கக்கூடாது.

பார்த்தவர்கள் ஏதாவது செய்வார்களா என்பதற்கு: என்ன செய்யவேண்டும் என்று சொன்னால் செய்ய வாய்ப்பு உண்டு. 'பூமியைக் காப்போம்' என்று முடித்தால் வாய்ப்பில்லை. கலிஃபோர்னியாவில் 'ஹீல் த பே' என்ற அமைப்பு 2010இல் ஒரு நாலு நிமிடப் படம் வெளியிட்டது. ஒரு பிளாஸ்டிக் பையை அரிய விலங்கு மாதிரி பாவித்து, அது கார் நிறுத்தத்திலிருந்து கிளம்பி எதிரிகளுக்குத் தப்பி, பசிபிக் கடலில் தன் கூட்டத்தோடு சேர்கிற 'இடப்பெயர்ச்சியை' காட்டுகிறது. பின்னணிக் குரல் நடிகர் ஜெரமி அயன்ஸ். வன உயிரினப் படங்களில் கேட்கிற அதே கம்பீரம், ஒரு இடத்தில்கூட அவர் சிரித்துவிடவில்லை. முழுப் படமும் அந்தச் சிரிக்காத குரலால்தான் நிற்கிறது. முடிவில் பொதுவான அறிவுரை இல்லை. அப்போது மாநிலச் சட்டமன்றத்தில் இருந்த பை தடை மசோதாவை ஆதரியுங்கள் என்பதுதான் கோரிக்கை. அந்த வருடம் மசோதா தோற்றது. இயக்கம் விடவில்லை. 2014இல் தடைச் சட்டம் கையெழுத்தானது, தொழில்துறை அதை எதிர்த்து வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனது, 2016இல் மக்கள் வாக்களித்துச் சட்டத்தை நிலைக்க வைத்தார்கள். ஆறு வருடம். ஒரு படத்தால் சட்டம் வராது. ஆனால் ஆறு வருடம் ஓடவேண்டிய ஒரு இயக்கத்துக்கு, எந்தக் கூட்டத்திலும் போட்டுக்காட்டி நாலே நிமிடத்தில் எல்லோரையும் ஒரே பக்கம் திருப்பக்கூடிய ஒன்று கையில் இருப்பது பெரிய பலம்.

அதனால் நீங்களும் எடிட்டிங்குக்கு முன்னாலேயே, குப்பைக் கிடங்கு விஷயத்தில் யார் என்ன முடிவு எடுக்கவேண்டியிருக்கிறது, அந்த முடிவு எப்போது எடுக்கப்படுகிறது, அதில் ஒரு சாதாரண ஆள் எந்த இடத்தில் குறுக்கிட முடியும் என்று கண்டுபிடித்து வையுங்கள். அங்கே ஏற்கெனவே போராடிக்கொண்டிருக்கும் குழு இருந்தால் அவர்களிடம் கேளுங்கள், உங்களைவிட அவர்களுக்குத்தான் தெரியும். அந்தக் கோரிக்கை படத்தின் கடைசி அட்டையில் மட்டும் வராமல், கதையிலேயே ஒருவர் அதைச் செய்வதாக வரட்டும்.

தகவல் சரிபார்ப்பு பற்றி ஒரு வார்த்தை. சீரியஸ் படத்தில் ஒரு எண் தவறினால் திருத்தம் போட்டுவிடலாம். கிண்டல் படத்தில் தவறினால், நீங்கள் கிண்டல் செய்தவர் அந்த ஒரு தவறைப் பிடித்துக்கொண்டு முழுப் படத்தையும் தமாஷ் என்று தள்ளிவிடுவார். ஜோக்குக்காக அளவைக் கூட்டாதீர்கள், பேட்டியில் ஒருவர் சொன்னதை வேறு கேள்விக்குப் பதிலாக ஒட்டாதீர்கள். மேலாளர் பாட்டிலைத் திறந்த அந்தக் காட்சியில் நான் ஒரு கட்கூட வைக்காததற்கு இதுவும் காரணம். அவர் குடித்ததும் சொன்னதும் ஒரே ஷாட்டில் இருந்ததால், பிறகு அந்தத் தொழிற்சாலைத் தரப்பு ஆட்சேபித்தபோது எங்களால் நிமிர்ந்து நிற்க முடிந்தது.

ரஃப் கட், அதாவது படத்தின் முதல் வரைவு, தயாரானதும் நண்பர்களுக்குப் போட்டுக் காட்டாதீர்கள், அவர்கள் உங்களுக்காகச் சிரிப்பார்கள். கிடங்குக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களைக் கூப்பிட்டு, ஒரு சுவரிலோ வேட்டித் துணியிலோ திரையிடுங்கள். நீங்கள் திரையைப் பார்க்கவேண்டாம், ஓரமாக நின்று அவர்களைப் பாருங்கள். அவர்கள் சிரித்த இடத்தையும், நீங்கள் சிரிப்பார்கள் என்று நினைத்துச் சிரிக்காத இடத்தையும் டைம்கோடோடு குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பட்டியலில் இருப்பதையெல்லாம் மறுநாள் காலையில் எடுத்துவிட்டு, மறுபடியும் அவர்களுக்கே போட்டுக் காட்டுங்கள்.